பட்டறைக் கேள்வி பதில்: ரெசின் ஏன் பொங்குகிறது?

கார் மாடல்களுக்குக் கடையில் கிடைக்காத பாகத்தை பிளாஸ்டிக் ஷீட்டில் கட்டி, சிலிக்கானில் அச்செடுத்து, ரெசினில் வார்ப்பது பற்றி இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "பொங்குகிறது". அதனால் அதையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

பி.யூ. (பாலியூரித்தேன்) ரெசின் வாங்கிய வாரத்தில் நாலு சக்கரம் வார்த்தேன், பளிச்சென்று வந்தன. மூன்று வாரம் கழித்து அதே பாட்டிலில் கலந்து ஊற்றினால் இட்லி மாதிரி உப்பி அச்சுக்கு வெளியே வருகிறது. போலிச் சரக்கா?
பெரம்பூர் வாசகர்

சரக்கில் குற்றமில்லை. மூடியைத் திறந்து மூடிய அந்த மூன்று வாரத்தில் சென்னைக் காற்று உள்ளே போய்விட்டது. பி.யூ. ரெசினின் ஒரு பாதி ஐசோசயனேட், மறு பாதி பாலியால். ஐசோசயனேட் பாலியாலோடு சேர்ந்தால் கெட்டிப்படும்; தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயுவை விடும். சோபா மெத்தையின் ஃபோமை உப்ப வைப்பதும் இதே வேலைதான். பாலியால் காற்றிலுள்ள ஈரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவைத்துக்கொள்ளும், பார்த்தால் தெரியாது. ஐசோசயனேட் மட்டும் காட்டிக்கொடுக்கும்: பாட்டிலின் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு, திரவத்தில் லேசான கலங்கல்.

வார்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காய்ந்த பிளாஸ்டிக் கப்பில் 5 கிராமும் 5 கிராமும் கலந்து 10 நிமிடம் சும்மா வையுங்கள். மேற்பரப்பு தட்டையாகவே இறுகினால் ரெசின் நல்லது, குறை அச்சிலோ ஊற்றும் முறையிலோ இருக்கிறது. கப்பிலேயே மேடு கட்டினால் ரெசினில் ஈரம். அந்த பாட்டிலை நுண்ணிய பாகத்துக்கு நம்ப வேண்டாம். அச்சுப் பெட்டிக்கு அடிக்கட்டை, பெயின்ட் அடிக்கும்போது பாகத்தைப் பிடிக்கும் கைப்பிடி என்று எதற்காவது ஆகும்.

அடுத்த பாட்டிலை இப்படிக் காப்பாற்றுங்கள். வாங்கிய அன்றே இரண்டு பாகத்தையும் 100 மில்லி பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பிப் பிரித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும் திறக்கட்டும். மூடியைச் சுற்றி டெஃப்லான் டேப். எல்லாவற்றையும் இறுக்கமான டப்பாவுக்குள், கையளவு சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் ரோஸ் நிறமாகிவிட்டால் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிறம் கோபால்ட் உப்பால் வருவது, ஆகவே சமைக்கும் அவனில் வைக்கக் கூடாது.

ஃபிரிட்ஜில் வைப்பது பெரிய தவறு. வெளியே எடுத்துத் திறந்த நிமிடமே ஜூஸ் பாட்டில் போல வேர்த்து, உள்ளேயும் ஈரம் இறங்கும். ஏ.சி. அறையில் இரவு முழுக்க வைத்து, அங்கேயே காலையில் கலப்பதுதான் சரி. இன்னொரு லாபமும் உண்டு. இறுகத் தொடங்குமுன் ஊற்றக் கிடைக்கும் நேரம் '4 நிமிடம்' என்று லேபிளில் போட்டிருப்பது 25 டிகிரிக்கு. 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் மொட்டைமாடி அறையில் கலந்தால் கையில் இருப்பது 2 நிமிடம். அதில் 40 வினாடி கலக்கவே போய்விடும்.

ஐஸ் குச்சி, பேப்பர் கப் இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டிலும் ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்பூன், பிளாஸ்டிக் கப் போதும். நிறத்துக்கோ எடைக்கோ டால்கம் பவுடர் சேர்ப்பவர்கள் அதையும் முதலில் வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள்.

குமிழி என்றாலே ஈரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வார்த்த சக்கரத்தை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். உள்ளே ரஸ்க் போல எங்கும் துளை என்றால் ஈரம். உள்ளே கெட்டியாக இருந்து, ஏதோ ஒரு மூலையில் மட்டும் மிளகளவு பள்ளம் என்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. அச்சில் அந்த இடத்திலிருந்து ஒரு காற்றுவழி வெட்ட வேண்டும். மேல்தோலில் மட்டும் ஊசிமுனைத் துளைகள் வரிசையாக இருந்தால் ரெசின் நுண்ணிய பள்ளங்களில் படியவில்லை. அதற்கு உலர்ந்த பேபி பவுடரை பிரஷ்ஷால் அச்சுக்குள் தடவி, தட்டி உதறிவிட்டு ஊற்றினால் ரெசின் தானே ஊர்ந்து போகும். மூன்றாவது வகைக்கு ரெசினை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் நிறைய.

3டி பிரிண்டரில் எடுத்த பம்பரை வைத்து சிலிக்கான் ஊற்றினேன். வெளிப்பக்கம் எல்லாம் ரப்பர் ஆகிவிட்டது. பம்பரைத் தொட்ட இடம் மட்டும் இரண்டு நாளாகியும் தேன் மாதிரி ஒட்டுகிறது.
பொறியியல் மாணவி, கிண்டி

நீங்கள் ஊற்றியது பிளாட்டினம் வகை. சிலிக்கான் ரப்பரில் இரண்டு ஜாதி. 100 கிராமுக்கு 2 முதல் 5 கிராம்வரை கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்) விடுவது டின் (வெள்ளீய) வகை. 1:1 அல்லது 10:1 என்று கலப்பது பெரும்பாலும் பிளாட்டினம் வகை. பிளாட்டினம் வகை கிட்டத்தட்ட சுருங்காது, அச்சும் பல வருடம் உழைக்கும். ஆனால் அதற்கு ஒவ்வாமை அதிகம். கந்தகம், அமீன், டின், சரியாக வேகாத பிரிண்டர் ரெசின், இதில் எது பட்டாலும் பட்ட இடத்தில் இறுகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணும், கையில் மாட்டும் லேட்டக்ஸ் உறையும்கூட இதே வேலையைச் செய்யும். நைட்ரைல் உறைதான் போட வேண்டும்.

பிசுபிசுப்பான அச்சைத் தூக்கிப் போடுங்கள், எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது. பம்பரை ஐ.பி.ஏ.வில் (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) இரண்டு முறை கழுவி, யு.வி. விளக்கில் வழக்கமான நேரத்தைப் போல மூன்று பங்கு காட்டி, 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, மேலே அக்ரிலிக் லேக்கர் இரண்டு கோட் அடியுங்கள். அதன்பிறகும் முதலில் ஒரு சொட்டு சிலிக்கானை பம்பரின் பின்பக்கம் வைத்து, இறுகுகிறதா என்று பார்த்த பிறகே முழுதாக ஊற்றுங்கள்.

இவ்வளவு பாடுபட விருப்பமில்லை என்றால் டின் வகைக்கு மாறிவிடுங்கள். நம் ஊர்க் கடைகளில் ஆர்.டி.வி. என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது அதைத்தான். அதற்கு இந்த ஒவ்வாமைகள் இல்லை, ஆனால் இரண்டு குணம் உண்டு. சிறிது சுருங்கும். இறுகும்போது ஆல்கஹால் ஆவியை விடும், அந்த ஆல்கஹால் ஐசோசயனேட்டோடு வம்பு செய்யும். மாஸ்டரை, அதாவது அச்செடுக்க வைத்த மூல பாகத்தை, எடுத்த கையோடு பி.யூ. ஊற்றினால் முதல் வார்ப்பு பிசுபிசுவென்றும் குமிழியோடும் வருவது இதனால்தான். அச்சை ஒரு நாள் திறந்துவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று கேட்டலிஸ்டைக் கூட்டினால் அச்சு மொறுமொறுப்பாகி, பத்தாவது வார்ப்பிலேயே ஓரம் கிழியும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை 1:24 அளவில் முழுவதும் கையால் கட்ட ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
பெருங்களத்தூர் வாசகர்

உங்கள் ஊரில் தயாரான காருக்கு உங்கள் ஊரிலிருந்தே கேள்வி! அளவுகளில் தொடங்குங்கள். இதற்கு மூலமான இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஹெரால்டுக்கு நீளம் 3886 மி.மீ., அகலம் 1524, உயரம் 1321, முன் பின் சக்கரங்களின் நடுமையங்களுக்கு இடையே 2324. எல்லாவற்றையும் 24ஆல் வகுத்தால் முறையே 161.9, 63.5, 55, 96.8 மி.மீ. இந்த நான்கு எண்ணையும் பட்டறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இங்கே பிற்பாடு வந்த நாலு கதவு மாடலைக் கட்டுவதாக இருந்தால் கதவு, பின் கண்ணாடி அளவுகளை அசல் காரில் டேப் வைத்து எடுத்தாக வேண்டும். இரண்டு கதவு படத்தைப் பார்த்து இழுத்தால் நடுத்தூண் தப்பான இடத்தில் விழும். போட்டோ எடுப்பதானால் பக்கவாட்டில் நேராக நின்று, முடிந்தவரை தூரம் போய், ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று போனில் எடுத்தால் நடுப்பகுதி உப்பி, முன்னும் பின்னும் சுருங்கிப்போன படம்தான் கிடைக்கும்.

பொருள் ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் ஷீட். கடையில் 'ஹிப்ஸ்' என்று கேளுங்கள். 'சன்போர்டு' என்று பெயர்ப்பலகைக் கடைகளில் கொடுப்பது பி.வி.சி. ஃபோம், வெட்ட சுகமாக இருக்கும், ஓரம் ஸ்பாஞ்ச் போல இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் காரின் தகடுபோல ஆகாது. 1 மி.மீ. ஷீட்டில் பக்கவாட்டு உருவம் இரண்டு, குறுக்குவெட்டு உருவம் 10 முதல் 12 மி.மீ.க்கு ஒன்று. இவற்றை முட்டை அட்டை போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால் கூடு தயார். ஷீட்டை அறுக்க வேண்டியதில்லை. பிளேடால் இரண்டு மூன்று முறை கீறி, கோட்டின்மேல் மடக்கினால் பிஸ்கட் போல உடையும்.

ஒட்டுவதற்கு எம்.இ.கே. போன்ற கரைப்பான். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷால் இணைப்பில் தொட்டால் தானே உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். கூடு முழுக்க மூடியிருந்தால் கரைப்பானின் ஆவி உள்ளேயே சிக்கி, ஒரு வாரம் கழித்து ஷீட்டை வளைத்துவிடும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவையுங்கள்.

கூட்டின் இடைவெளியை நிரப்பும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். டிங்கரிங் கடையில் பயன்படும் கார் பட்டி மலிவு, சீக்கிரம் காயும், அருமையாகத் தேயும். ஆனால் அதிலுள்ள ஸ்டைரீன் மெல்லிய ஷீட்டைக் கரைக்கும், இறுகும்போது வரும் சூடு மிச்ச வேலையையும் முடித்துவிடும். முதல் கோட் எபாக்சி புட்டி, எம்-சீல் போன்றது. அது ஷீட்டை ஒன்றும் செய்யாது. மறுநாள் அதன்மேல் கார் பட்டியை 1 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பூசித் தேயுங்கள். 180 நம்பர் உப்புத்தாளில் வடிவம், 400இல் சமன், 800இல் தண்ணீர் விட்டு முடிவு. இடையிடையே பிரைமர் அடித்தால்தான் மேடு பள்ளம் கண்ணில் படும். பாலீஷ் செய்யாத பிளாஸ்டிக்கில் எல்லாமே சமமாகத்தான் தெரியும்.

கதவுக் கோட்டைக் கடைசியில் கீறுங்கள். அசலில் 5 மி.மீ. இடைவெளி என்றால் 1:24இல் 0.2. அந்த 0.2ஐ அப்படியே கீறினால் பிரைமரும் பெயின்டும் சேர்ந்து மூடிவிடும். 0.3 அகலம், 0.4 ஆழம் வைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் முனையால் அல்ல, முதுகால் இழுங்கள். முனை வெட்டி இரண்டு பக்கமும் கரை எழுப்பும், முதுகு சீவி எடுக்கும்.

இதை வார்க்கப்போகிறீர்கள் என்றால் சுருக்கத்தையும் கணக்கில் எடுங்கள். டின் சிலிக்கானும் பி.யூ.வும் சேர்ந்து நூற்றுக்கு 0.8 சுருங்கினால் 161.9 மி.மீ. காரில் 1.3 மி.மீ. போய்விடும். அப்புறம் சேஸிஸ் உட்காராது. உங்கள் சரக்கு எவ்வளவு சுருங்கும் என்பதை லேபிளை நம்பி முடிவுசெய்ய வேண்டாம். சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டையை அச்செடுத்து வார்த்து, இரண்டு நாள் கழித்து வெர்னியரில் அளந்தால் தெரிந்துவிடும். பாடியின் சுவர் 1.5 மி.மீ.க்கும், கண்ணாடித் தூண்கள் 2 மி.மீ.க்கும் குறையக் கூடாது. உள்பக்கம் பிறகு சீவிக்கொள்ளலாம்.

ஃபெவிக்விக் ஊற்றி மேலே சமையல் சோடா தூவினால் புட்டி தேவையில்லை என்கிறார்களே?
ஆவடி வாசகர்

சின்னப் பள்ளத்துக்கு ரொம்ப நல்லது, அந்த நொடியே இறுகும். பத்து நிமிடத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் தேய்த்தால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகியிருக்கும். பிளாஸ்டிக் தேய்ந்து பள்ளமாகும், பள்ளம் இருந்த இடம் மேடாக நிற்கும்.

அம்பாசடருக்கு நாலு சக்கரம் ஒரே அச்சில் எடுக்க எவ்வளவு சிலிக்கான் வாங்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் ஒன்று மிஞ்சி வீணாகிறது, இல்லை பாதியில் தீர்ந்துபோகிறது.
வியாசர்பாடி வாசகர்

முதலில் சக்கரத்தின் அளவைச் சரிபாருங்கள். 15 அங்குல ரிம் என்றால் 381 மி.மீ., 24ஆல் வகுத்தால் 15.9 என்று லேத் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கிவிடுகிறார்கள். 15 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கண்ணுக்குத் தெரியும் வெளி விளிம்பு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 17 மி.மீ. உயரம் கூடுதல். ஆக வெளிவிட்டம் சுமார் 415 மி.மீ., மாடலில் 17.3. ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்த சக்கரத்தை மாட்டினால் அம்பாசடர் செருப்பில்லாமல் நிற்பதுபோல் இருக்கும்.

இனி கணக்கு. 17.3 விட்டம், 6 மி.மீ. அகலம் என்றால் ஒரு சக்கரம் 1.4 மில்லி, நாலுக்கு 5.6. சக்கரங்களைச் சுற்றியும் இடையிலும் 8 மி.மீ. விட்டு இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் பெட்டியின் உள்ளளவு 60க்கு 60. சக்கரத்தின் தலைக்கு மேல் 12 மி.மீ. ரப்பர் போதும், ஆக உயரம் 18. மூன்றையும் பெருக்கினால் 64.8 மில்லி. சக்கரங்களைக் கழித்தால் 59. சிலிக்கானின் அடர்த்தி சுமார் 1.15, எனவே 68 கிராம். கப்பில் ஒட்டுவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 75 கிராம். கேட்டலிஸ்ட் 3 சதவீதம் என்றால் 2.25 கிராம். அதைச் சொட்டு எண்ணி விடாதீர்கள். நகை எடைபோடும் 0.01 கிராம் சின்னத் தராசு இந்த வேலைக்கு அவசியம்.

சக்கரத்தின் பின்பக்கம் பெட்டியின் தரையில் படும்படி ஒட்டுங்கள், முகம் மேலே. தரைக்கும் சக்கரத்துக்கும் மயிரிழை இடைவெளி இருந்தாலும் சிலிக்கான் உள்ளே ஓடி, அச்சின் வாயில் ஜவ்வு கட்டும். கலந்த சிலிக்கானில் கொஞ்சம் எடுத்து, முதலில் சக்கரத்தின் முகத்தில் பிரஷ்ஷால் தடவுங்கள். போல்ட் தலைகளின் இடுக்கில் ஊசியால் கிண்டிவிடுங்கள். மீதியைப் பெட்டியின் ஒரே மூலையில், ஓரடி உயரத்திலிருந்து நூல்போல விடுங்கள். அந்த மெல்லிய நூலில் பெரிய குமிழிகள் உடைந்துபோகும். சிலிக்கான் தானாக நடந்துவந்து சக்கரத்தை மூடும். சக்கரத்தின் தலையில் நேராக ஊற்றினால் காற்றையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். ஊற்றிய பின் மேசையை ஐந்து நிமிடம் விரலால் தட்டுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

வார்க்கும்போது 4 கிராம், 4 கிராம் கலந்தால் நாலு சக்கரத்துக்கும் போதும். வாய்வரை நிரப்பி, மேலே ஒரு துண்டு ஓ.எச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து வைத்து அழுத்தினால் பின்பக்கம் கண்ணாடிபோல் சமமாகும், தேய்க்கும் வேலை இல்லை. இவ்வளவு சின்னப் பாகத்தில் ரெசின் தானாகச் சூடாகாது, எனவே லேபிளில் 30 நிமிடம் என்றிருந்தாலும் ஒரு மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டுப் பிதுக்கினால் ரிம் முட்டை வடிவமாகிவிடும்.

பழைய பிரஷர் குக்கரில் கம்ப்ரஸரை இணைத்து, பிரஷர் பாட்டாக (காற்றழுத்தத்தில் ரெசினை இறுகவிடும் பாத்திரம்) மாற்றலாமா?
அம்பத்தூர் வாசகர்

கூடாது. வீட்டுக் குக்கர் வேலை செய்யும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. ரெசினில் குமிழியை நசுக்கத் தேவை 3 முதல் 4 கிலோ. நீராவியில் சேஃப்டி வால்வு உருகித் திறக்கும். காற்றில் சூடில்லாததால் அது உருகவே உருகாது, மூடிதான் பறக்கும். ஸ்ப்ரே பெயின்டருக்கான, அழுத்த அளவு முத்திரையிட்ட டேங்க் வாங்குங்கள்.

அதே குக்கரின் அடிப்பாத்திரம், கலந்த சிலிக்கானிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பாத்திரமாக நன்றாக உழைக்கும், ஏனென்றால் அங்கே அழுத்த வித்தியாசம் ஒரு காற்றுமண்டல அளவைத் தாண்ட வழியே இல்லை. ஆனால் அதுவும் லேசுப்பட்டதல்ல: 200 மி.மீ. வாயின்மேல் காற்று 320 கிலோவுக்கு மேல் உட்காரும். மூடிக்கு 20 மி.மீ. அக்ரிலிக் பலகை, கண்ணாடி வைக்கவே கூடாது. கலந்த சிலிக்கான் நாலு மடங்குவரை பொங்கி, பால்போல் மேலெழுந்து, பிறகு தானே சரியும். கப்பில் கால்வாசி மட்டும் நிரப்புங்கள். சரிந்தபின் இரண்டு மூன்று நிமிடம் போதும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை இதற்குப் பம்பாக ஓட்டலாம். எண்ணெய் துப்பும், அதைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

காசிமேட்டில் ஃபைபர் படகு வேலைக்கு வாங்கும் ரெசின் பி.யூ.வின் விலையில் கொஞ்சம்தான். அதிலேயே வார்க்கக் கூடாதா?
தண்டையார்பேட்டை வாசகர்

அது பாலியெஸ்டர் ரெசின். கனஅளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும், மெல்லிய பாகம் கண்ணாடிபோல் உடையும், அதிலுள்ள ஸ்டைரீன் சிலிக்கானுக்குள் ஊறி அச்சை உப்பவைக்கும். ஓரிரு டஜன் வார்ப்பு தர வேண்டிய அச்சு நாலைந்திலேயே வாயைப் பிளக்கும். மிச்சம் பிடித்த காசு சிலிக்கானில் போய்விடும். பாடி போன்ற பெரிய அச்சுக்கு வெளியே, ரப்பர் நெளியாமல் தாங்கும் ஓடு செய்ய மட்டும் கண்ணாடி நாரோடு சேர்த்து அதைப் பயன்படுத்துங்கள், அதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அதோடு இரண்டு சின்ன பாட்டில் தருவார்கள்: ஊதா நிறக் கோபால்ட் (வேகம் கூட்டுவது), நிறமில்லாத எம்.இ.கே.பி. (இறுக வைப்பது). இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்த பிறகே எம்.இ.கே.பி. இரண்டுக்கும் ஒரே ஸ்பூன், ஒரே மூடி என்ற பேச்சே வேண்டாம்.

அம்பாசடர் மார்க் 2வின் கட்டம் கட்டமான கிரில்லை ஷீட்டில் வெட்டிப் பார்த்துக் கைவிட்டேன்.
மயிலாப்பூர் வாசகர்

வெட்டாதீர்கள், பாத்திரக்கடைக்குப் போங்கள். ஸ்டீல் டீ வடிகட்டிகளில் பல நெசவு உண்டு. ஸ்கேலை வைத்து 10 மி.மீ.யில் எத்தனை கம்பி என்று எண்ணுங்கள். 20 இருந்தால் ஒரு கட்டம் 0.5 மி.மீ. அசல் கிரில்லின் கட்டத்தை அளந்து 24ஆல் வகுத்து, அதற்கு அருகில் வரும் வலையை வாங்குங்கள். வலையை கேஸ் தீயில் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் இளகி, வளைவுக்குப் பணியும். வெட்டுமுன் ஓரங்களில் ஃபெவிக்விக் ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் நூல் பிரிவதுபோல் கம்பி பிரியும்.

வலையைத் திறந்த துளைகளோடு அச்செடுக்க வேண்டாம். ஒவ்வொரு துளையிலும் நிற்கும் ரப்பர் காம்பு இரண்டாம் வார்ப்பிலேயே அறுந்துவிடும். பின்னால் 0.3 மி.மீ. ஷீட் ஒட்டி மூடி, வார்த்தபின் பள்ளத்தில் கறுப்பு மை ஓடவிட்டு, மேடுகளில் மட்டும் வெள்ளிப் பூச்சை உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். ஒரு கை தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஹெட்லைட் கண்ணாடி?
திருவொற்றியூர் வாசகர்

அந்தக் காலக் கார்களின் 7 அங்குல விளக்கு 1:24இல் 7.4 மி.மீ. ஓ.எச்.பி. ஷீட்டில் அந்த விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, பின்பக்கம் ஊசியால் 0.5 மி.மீ. இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் கீறுங்கள். முன்பக்கம் தெளிவான எபாக்சி ஒரு சொட்டு வையுங்கள். வட்டத்தின் ஓரத்தில் சொட்டு தானே நின்று குமிழ் கட்டும், அச்சே தேவையில்லை. மழை நாளில் மேற்பரப்பு வழுவழுவென்று எண்ணெய்போல் வந்தால் பயப்பட வேண்டாம், சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். யு.வி. ரெசினும் ஆகும், ஆனால் ஜன்னலோரம் வைத்து வேலை செய்யாதீர்கள். சொட்டு விழுமுன்பே இறுகும்.

டயருக்காகக் கறுப்பு நிறம் கலந்த சிலிக்கானை சிலிக்கான் அச்சிலேயே ஊற்றினேன். இப்போது எது அச்சு, எது டயர் என்று தெரியவில்லை.
சைதாப்பேட்டை வாசகர்

சிலிக்கானில் எதுவும் ஒட்டாது, சிலிக்கானைத் தவிர. டயருக்கான அச்சை எபாக்சியில் செய்து அதில் கறுப்பு சிலிக்கான் ஊற்றுங்கள். அல்லது சிலிக்கான் அச்சை வைத்துக்கொண்டு, ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 60 முதல் 70 கடினமுள்ள பி.யூ. ரப்பர் ஊற்றுங்கள். இரண்டாவதுதான் எங்கள் வழி. சிலிக்கான் டயரில் பெயின்ட் நிற்காது, வெள்ளைப் பட்டை போட முடியாது.

வார்த்த பானெட் அலமாரியில் வைத்திருந்து ஒரு கோடையில் வளைந்துவிட்டது.
நங்கநல்லூர் வாசகர்

65, 70 டிகிரி தண்ணீரில், அதாவது கை வைக்க முடியாத ஆனால் கொதிக்காத சூட்டில், ஒரு நிமிடம் போடுங்கள். அப்பளம்போல் துவண்டதும் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து அழுத்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். மேற்கு ஜன்னல் வெயில் படும் அலமாரி என்றால் மறுபடியும் வளையும். பானெட்டின் உள்பக்கம் 0.5 மி.மீ. ஸ்டீல் கம்பி இரண்டு ஒட்டிவிடுங்கள்.

ஒருவரிடம் வாங்கிய ரெசின் சக்கரத்தை அச்செடுத்து, நண்பர்களுக்கு விற்கலாமா?
பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

வேண்டாம். சக்கரத்தின் மாஸ்டரைக் கடைந்தவர் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார். தவிரவும், நகலின் நகல் இன்னும் ஒரு சுற்று சுருங்கியிருக்கும், தெரிந்தவர் கையில் எடுத்ததுமே கண்டுபிடிப்பார்.

ஐப்பசி, கார்த்திகையில் பட்டறையை மூடிவிடுகிறேன். தை மாதம் திறந்தால் அச்சுகள் நெளிந்து கிடக்கின்றன.
வேளச்சேரி வாசகர்

காலியாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பீர்கள். கடைசி வார்ப்பை அச்சுக்குள்ளேயே விட்டு, சமதளத்தில், ஒற்றை அடுக்காக, பவுடர் தூவி, வெளிச்சம் படாமல் வையுங்கள். உள்ளே ரெசின் இருந்தால் ரப்பருக்கு உருவம் மறக்காது. டின் வகை அச்சுகள் பயன்படுத்தாவிட்டாலும் சில வருடத்தில் தானே இற்றுப்போகும். எனவே மாஸ்டரை ஒருபோதும் தூக்கிப்போடாதீர்கள். எந்த அச்சு எந்த வருடத்தது என்று தெரிய வேண்டும் என்றால், சிலிக்கானில் எந்தப் பேனாவும் நிற்காது, ஸ்டிக்கரும் ஒட்டாது. பெட்டியின் தரையில் ஒரு மூலையில் வருடத்தையும் மாதத்தையும் ஷீட்டில் வெட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டிவிட்டு சிலிக்கானை ஊற்றுங்கள். அச்சிலேயே பதிந்து வரும்.